கரி டப்பாவும் என் மகனின் மூக்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்போடு சரி. சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் மறந்தும் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. யாராவது என் பக்கம் திரும்பி ஏதாவது கேட்டால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அந்தத் தைரியத்தில்தான் என் மகன், காரில் இருந்த கோளாறைத் தானே கண்டுபிடித்ததாகப் போகிற வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு சொன்னான். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசத்தான் வராது, எழுதியாவது வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மாதனூர் பக்கம். மகனுக்கு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. தோலை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஒரு தடவு தடவினால் போதும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் சொல்லிவிடுவானாம். கம்பெனியில் அவன் விரலுக்கு மரியாதை உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். அவன் மூக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷன் பசை வாசனையிலேயே வருஷக்கணக்காக நின்றால் மூக்கு என்னத்துக்கு ஆகும்?

என் அக்கா நெமிலியில் இருக்கிறாள். என் கூடப் பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாள். அவளைக் கவனிக்க ஒரு பெண் வந்து போகிறாள், சோறு ஊட்டுகிறாள், எல்லாம் செய்கிறாள். ஆனால் அக்கா தன் தலையில் மட்டும் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டாள். நான் போய்ச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டால்தான் உண்டு. நான் போகாவிட்டால் தலை சடை பிடித்துப் போகும், அப்படியே படுத்திருப்பாள். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்ததும் மகன் என்னைக் காரில் கூட்டிப் போவான். என் முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி அங்கே போய்ச் சேர முடியாது. கார்தான் எனக்கு அக்கா. கார் இல்லாவிட்டால் அக்கா இல்லை.

அந்தக் கார் அவன் கம்பெனி ஆபீசர் ஒருவர் ஓட்டிவிட்டு விற்றது. பெட்ரோல் வண்டி. அதில் ஏறிய முதல் நாளே எனக்கு வாசனை தெரிந்தது.

"பெட்ரோல் வாசனை வருதுடா" என்றேன்.

"டேனரி வாசனைம்மா. புதுசா இன்னா?" என்றான்.

தோல் பதனிடுகிற டேனரிகள் நிறைந்த எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. என்ன நாறினாலும் டேனரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எலி செத்துக் கிடந்தாலும் டேனரி. சாக்கடை உடைத்துக்கொண்டாலும் டேனரி. ஒருமுறை எதிர் வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டு, வீடு முழுக்க வாசனை பரவிய பிறகும், இன்றைக்கு டேனரி ஜாஸ்தியாக அடிக்கிறது என்று தின்பண்டம் பொரிக்கப் போனார்கள். கர்த்தர் காப்பாற்றினார்.

சரி, டேனரி என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிகொண்டா தாண்டியும் வாசனை விடவில்லை. கேட்டேன். "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது" என்றான். வேலூர் தாண்டி ராணிப்பேட்டை வந்ததும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா, இங்கயும் டேனரி" என்றான். வாலாஜாவும் போய்விட்டது. டேனரிகள் தீர்ந்து போயின. இரண்டு பக்கமும் நெல் வயல். "என் சட்டைலேர்ந்து வர்ற சொல்யூஷன் வாசனைம்மா" என்றான். சட்டை முந்தின நாள் நானே துவைத்து மடித்த சட்டை. பனப்பாக்கம் பக்கம் திரும்பினோம். இனி என்ன சொல்வான் என்று காத்திருந்தேன். "வயல்ல மருந்து அடிச்சிருப்பான்" என்றான்.

அடுத்தடுத்த மாசமும் நான் சொல்வேன், அவன் இதே பாட்டைத்தான் பாடுவான்.

பெட்ரோல் பங்கில் அவன் செய்கிற கூத்தையும் சொல்ல வேண்டும். குழாயை டேங்கில் விட்டால், நிறைந்ததும் அதுவே டக்கென்று நின்றுவிடும். உலகத்துக்கெல்லாம் அதோடு முடிந்தது. இவனுக்கு அங்கேதான் ஆரம்பம். கீழே இறங்கி வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டுவான். உளுந்து டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி இன்னும் ஒரு பிடி போடுகிற மாதிரி. "ஊத்துப்பா, இன்னும் எடம் இருக்குது" என்பான். பங்கு ஆள் முனகிக்கொண்டே ஊற்றுவான். திரும்ப டக். திரும்ப ஆட்டுவான். கழுத்து வரைக்கும் தளும்பி நின்றால்தான் மூடி போட விடுவான்.

"எதுக்குடா இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டேங்க்ல காத்து எதுக்கும்மா? பெட்ரோல் ஊத்தத்தானே டேங்க்" என்றான்.

கம்பெனியில் இவன் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுகிறார்களாம். அத்தனை பேர் சேர்ந்து செய்தால் அது அறிவு ஆகிவிடும் போலிருக்கிறது.

ஆட்டி முடித்து, ஏறி, சாவியைத் திருகினால் வண்டி கிளம்பாது. ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் போட்ட உடனே இதே கதை. இருமும், குலுங்கும், நின்றுவிடும். ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதித்துப் பிடித்துக்கொண்டு திருகுவான். கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு ஒரு வழியாகக் கிளம்பும். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று பங்கு ஆட்களோடு சண்டை பிடிப்பான். அந்த ரோட்டில் இவன் சண்டை போடாத பங்கு கிடையாது. கடைசியில் எந்தப் பங்குக்குள் நுழைந்தாலும் நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது.

இதற்கு நடுவில் ஸ்டீரிங்குக்கு முன்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. மெயின் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற பாயிடம் வண்டியை எடுத்துப் போனான். அந்தப் பாய் நல்ல மனிதர்தான். லாரிக்கு நல்லா செய்வார். ஒரு சின்ன மெஷினைச் சொருகிப் பார்த்துவிட்டு, "சென்சார்" என்றார். எந்த சென்சார் என்று மகன் கேட்டான். "எல்லாமே சென்சார்தான் தம்பி, இப்ப வர்ற வண்டில. பேஜார் புடிச்ச வண்டிங்க" என்றார். பட்டனை அமுக்கினார், விளக்கு அணைந்தது. கொஞ்ச நாளில் திரும்ப எரிந்தது. பெட்ரோல் மூடியை மாற்றினார். திரும்ப எரிந்தது.

மூன்றாவது தடவை பானெட்டைத் திறந்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதற்குள் ஒரு போல்ட்டைத் திணித்து கிளிப் போட்டு இறுக்கினார்.

"இது வெளிநாட்டுக்காரனுக்குத் தேவை. நம்ம ரோட்டுக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றிலிருந்து பெட்ரோல் போட்ட பிறகும் வண்டி நிற்காமல் கிளம்பியது. என் மகனுக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும். ஏதோ அவனே போல்ட்டாக மாறி உள்ளே போய் உட்கார்ந்த மாதிரி. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தான். கம்பெனியிலிருந்து கறுப்புத் தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, விளக்கு அளவுக்கு வட்டமாக வெட்டி, ஓரத்தை மெலிதாகச் சீவி, சொல்யூஷன் போட்டு விளக்கின் மேல் ஒட்டினான். சும்மா சொல்லக்கூடாது, ஒட்டியதே தெரியாது. அத்தனை சுத்தமான வேலை.

வாசனை இரண்டு பங்காகியது. நான் பின் சீட்டில் உட்காருகிறவள். அவன் முன்னால் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவான். அடுத்த தடவை நெமிலிக்குப் போகும்போது காவேரிப்பாக்கம் கிட்டே நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தேன். தலை சுற்றியது. தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே அவன் சொன்னான்:

"உனக்கு வயசாயிடுச்சும்மா. ட்ராவல் ஒத்துக்கல. இனிமே நீ வர வேணாம். பெரியம்மாகிட்ட வீடியோ கால்ல பேசு."

"தலை யாருடா பின்னுவாங்க?"

"அந்தப் பொண்ணு பின்னும்."

"அவ தலைய தொட விடமாட்டாடா."

"அப்ப மொட்டை அடிச்சிரலாம். பெட்ல கெடக்கறவங்களுக்கு அதான் நல்லது. ஆஸ்பத்திரில கூட அதான் சொல்றாங்க."

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. தோல் ஒட்டுப் போட்ட மாதிரி, இதுவும் அவனுக்கு ஒரு சுலபமான வழி.

அடுத்த மாசம் அவன் சொன்னபடியே ஆனது. காரை எடுக்காமல், என்னை வீட்டிலேயே உட்கார வைத்து போனில் வீடியோ போட்டுக் கொடுத்தான். அந்தப் பெண் போனை எப்படிப் பிடித்தாளோ, எனக்கு மின்விசிறி தெரிந்தது, பிறகு அக்காவின் ஒரு காது தெரிந்தது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியாது, போனில் வருகிற குரலும் பிடிபடாது. "யாரு? யாரு பேசறது? அவ எப்ப வர்றா?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். காதுக்கு மேலே முடி கத்தை கத்தையாகச் சிக்கிக் கிடந்ததைப் பார்த்தேன். போனை மகனிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த மாசம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலிலிருந்து வந்ததும் நேராகக் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கையில் சீப்பு, தேங்காய் எண்ணெய், ஒரு பிளாஸ்டிக் கவர். கவர் வாந்திக்கு. மகன் வாசலில் நின்று பார்த்தான்.

"எறங்கும்மா."

நான் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் போடத் தெரியாதவளுக்கு இருக்கிற ஒரே வழி, அசையாமல் இருப்பது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். வழி முழுக்க முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தேன். வாந்தி வரவில்லை. வந்திருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

நெமிலியில் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்து, அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். அவள் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள்.

"ஏண்டி, கார்ல வந்தியா, பெட்ரோல் டின்னுக்குள்ள உக்காந்து வந்தியா?" என்றாள்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா பெரியம்மா?" என்றான்.

"உங்க அம்மா மேல கப்புன்னு அடிக்குதுடா பெட்ரோலு. எனக்குக் கொமட்டுது. எட்டப் போடி. அந்த வாசனையோட என் தலைல கை வைக்காத."

"டேனரி வாசனையா இருக்கும் பெரியம்மா."

"டேனரி நாத்தம் எனக்குத் தெரியாதாடா? உன் கல்யாணத்துக்கு வந்து மூணு நாள் சோறு எறங்காம கெடந்தவ நான். இது பெட்ரோலு. நீ இன்னா, மூக்கைக் கழட்டி கம்பெனிலயே வச்சிட்டு வந்தியா?"

அவளைக் கவனிக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் என் பக்கத்தில் வந்து குனிந்து என் தோளை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் நம்பினான். நான் மாசக்கணக்காகச் சொன்னதை நம்பாதவன், படுக்கையில் கிடக்கிறவள் ஒரு தடவை சொன்னதும் நம்பினான். பெற்றவள் சொன்னால் புலம்பல், பெரியம்மா சொன்னால் தகவல்.

அன்றைக்கு அக்கா என்னைத் தலை வார விடவில்லை. குளித்துவிட்டு அவள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். அப்போதும், "முடியிலயும் இருக்குது, போ" என்றாள். குமட்டலில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த வண்டில இனிமே வராத. வேற எதுலயாச்சும் வா" என்றாள். வேறு எதில் வருவது? சீப்பை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

 மகன் தானாகவே வேலூரில் வண்டியைத் திருப்பி, சத்துவாச்சாரி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்தவர் டிப்ளமோ படித்தவராம். கூலிங் கிளாஸைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, தான் எந்த எந்தக் கம்பெனியில் எல்லாம் வேலை பார்த்தார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் பானெட்டையே திறந்தார். சபையில் பிரசங்கத்துக்கு வருகிற வெளியூர் பாதிரி ஐயர்கள்கூட இவ்வளவு முன்னுரை சொல்ல மாட்டார்கள்.

"லைட்டு எரியலையா சார்?" என்று மகனைக் கேட்டார்.

மகன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். அவர் டிரைவர் சீட்டில் ஏறி, விளக்கு இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவி, நகத்தால் நெம்பி, தோல் ஒட்டை உரித்தெடுத்தார். அடியில் மஞ்சள் விளக்கு பிரகாசமாக எரிந்தது. தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஃபினிஷிங் சூப்பரா இருக்குது சார். எந்த கம்பெனி?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காக நான் அவருடைய பெருமையடிப்பை எல்லாம் மன்னித்தேன்.

பிறகு போல்ட் வைத்த குழாய் வெளியே வந்தது. அதைப் பார்த்ததும் அங்கே வேலை செய்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். சிரித்து முடித்ததும் போல்ட்டை எடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, குழாய் மாட்டுகிற வால்வைக் காட்டி, "வெரல வைங்க சார்" என்றார். மகன் வைத்தான். விரலை அது இழுத்துப் பிடித்துக்கொண்டது.

"வண்டி சும்மா நிக்கும்போது இது மூடி இருக்கணும். இழுக்கவே கூடாது. உங்களுது எப்பவும் தெறந்தே கெடக்குது. பெட்ரோல் போட்டதும் ஆவி மொத்தமும் இன்ஜினுக்குள்ள போய்டுது. அதான் கெளம்பாது. பங்கு மேல தப்பு இல்ல."

மகன் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். விரல் சொன்னால் அவன் நம்புவான். மூக்கோ, அம்மாவோ சொல்லி நம்பாதது விரலில் ஏறியது.

அடுத்து ஒரு பெட்டியிலிருந்து டேங்க் பக்கத்துக் குழாய்க்குள் வெள்ளைப் புகையை விட்டார்கள். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே புகை வருமாம். எல்லோரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அங்கே ஒன்றும் வரவில்லை. பின் சீட்டைத் தூக்கினார்கள். அடியில் இருந்த ஒரு மூடி ஓரமாக, ஊதுபத்தி போல, நெளிந்து நெளிந்து புகை வந்தது. உள்ளே ஒரு குழாய் வெடித்திருந்தது. நான் உட்காருகிற இடத்துக்கு நேர் கீழே.

"இங்க யாரு உக்காருவாங்க?" என்று அவர் கேட்டார்.

மகன் என்னைக் காட்டினான். அவர் என்னைப் பார்த்து, "இன்னா ஆயா, இத்தினி நாளு எப்படி உக்காந்து வந்தீங்க? சொல்லக்கூடாதா?" என்றார். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். மகன் தரையைப் பார்த்தான்.

கடைசியாக ஒரு கறுப்பு டப்பாவைக் கழற்றி எடுத்தார். அதற்குள் முழுக்கக் கரியாம். டேங்கில் இருக்கிற பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் இந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும், வண்டி ஓடும்போது வால்வு திறந்து இன்ஜினுக்குக் கொடுக்கும். பாய் அந்த வழியைப் போல்ட்டால் அடைத்ததும், ஆவி எல்லாம் என் சீட்டுக்கு அடியில் வந்திருக்கிறது. ஆவியைப் பிடிக்க வேண்டிய கரியில் என் மகன் பெட்ரோலையே ஊற்றி ஊற வைத்திருக்கிறான். டப்பாவைச் சாய்த்ததும் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஊறி உதிர்ந்த கரித்தூள்தான் போய் வால்வில் மாட்டிக்கொண்டு அதை மூட விடாமல் செய்ததாம்.

"டேங்க் நெறைஞ்சப்புறம் வண்டிய ஆட்டுவீங்களா சார்?" என்றார்.

"எப்பவாச்சும்" என்றான் என் மகன்.

எப்பவாச்சுமாம்.

டப்பா, வால்வு, குழாய் எல்லாம் புதிதாக மாற்றி, சீட்டையும் வெயிலில் காய வைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நெமிலிக்குப் புறப்பட்டோம். வாலாஜா தாண்டிப் பெட்ரோல் போட நிறுத்தினான். அங்கே இருந்த ஆள் இவனைப் பார்த்ததும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டான். டக்கென்று சத்தம் வந்தது. என் மகனின் இரண்டு கையும் தானாக வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தன. கண்ணாடி வழியாக நான் திரும்பிப் பார்த்தேன். கைகளை எடுத்து பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

"அவ்ளோதானா சார்?" என்று அந்த ஆள் சந்தேகமாகக் கேட்டான்.

"போதும்" என்றான்.

ஒரே திருகில் வண்டி கிளம்பியது. மூக்கை நன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை.

அக்கா என் கையைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோனாள். மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று முகர்ந்தாள். மகன் வாசலிலேயே நின்றான். கம்பெனியில் அவன் தோலைப் பார்க்கும்போது கூட வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் நிற்பார்களோ என்னவோ.

"இன்னா வாசனை வருது இப்ப?" என்று கேட்டேன்.

"சோப்பு" என்றாள். "மட்டமான சோப்பு. எண்ணெய எடு."

தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள். சிக்கு எடுக்க மத்தியானம் வரைக்கும் ஆனது. சில இடத்தில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. மிச்சத்தைப் பின்னி முடித்தபோது தூங்கிப் போயிருந்தாள். அந்த நேரத்தில் வெளியே என் மகன் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "வெரல வச்சேன், டக்குனு புரிஞ்சிட்டுது எனக்கு."

கரி டப்பா இருந்தது முன்னாலா பின்னாலா என்பது எனக்கு இப்போது குழம்புகிறது. வெடித்த குழாயும் டப்பாவுக்குப் போகிற குழாயும் ஒன்றா என்றும் தெரியவில்லை. அந்த டிப்ளமோக்காரர் வேகமாகப் பேசினார், நான் தள்ளி நின்றிருந்தேன். வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். என் மகனிடம் மட்டும் கேட்க வேண்டாம்.